பழைய காருக்கு "எஞ்சின் போச்சு" என்றால், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறி நின்றுபோகிறது என்றால், ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். இதே கோளாறுக்கு எங்கள் வீட்டில் 14,300 ரூபாய் வீணாகக் கொடுத்திருக்கிறோம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காரையே அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருப்பார்கள்.

கார் அப்பாவுடையது, 2009 மாடல் சான்ட்ரோ ஜிங். 15 வருஷம் முடிந்து, ஆர்சியை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்து வைத்திருந்தோம். சமவெளியில் நன்றாகத்தான் ஓடும். சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் ஏறும்போதுதான் பிரச்சினை. 27 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தாலும் பிக்கப் வராது. ஜெர்க் அடிக்கும், அப்புறம் ஆஃப் ஆகிவிடும். எஞ்சின் நின்ற உடனே பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பின்னால் சரக்கு லாரி வரிசையாக வரும் மலைப்பாதையில் இது உயிர்ப் பிரச்சினை.

எங்கள் ஊரில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். நான் கவனித்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று, எழுதியே கொடுத்தேன்: ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடுவது) சீராக இருக்கிறது, சூடான பிறகு, ஏற்றத்தில்தான் நிற்கிறது, டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் சீக்கிரம் நிற்கிறது, கால் மணி நேரம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது, பின் சீட் பக்கம் ஒரு ரீங்காரம் கேட்கிறது, செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. சூபர்வைசர் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்று அப்பா பக்கம் திரும்பிவிட்டார்.

முதலில் பிளக், இக்னிஷன் காயில் மாற்றி, த்ராட்டில் பாடி சுத்தம் செய்ததாக 6,400 ரூபாய். வண்டி அப்படியேதான் இருந்தது. அடுத்து கிராங்க் சென்சார், இன்ஜெக்டர் கிளீனிங் என்று 7,900. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்கு, ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். பில் என்று கொடுத்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத வெள்ளைத் தாள்.

மூன்றாவது முறை போனபோதுதான் எனக்கு முழுச் சந்தேகம் வந்தது. "கம்ப்ரஷன் போயிடுச்சு சார். இ20 பெட்ரோல் எஞ்சினைத் தின்னுடுச்சு. எஞ்சின் வேலைக்கு அறுபத்தஞ்சாயிரம் ஆகும். இந்த வண்டிக்கு அது வேஸ்ட்" என்றார் ஓனர். கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்; இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வண்டி வாங்கி விற்கும் ஒருவர் அப்போதே அங்கே உட்கார்ந்திருந்தார். 30,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார். கம்ப்ரஷன் எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். பதில் இல்லை. அளந்திருந்தால்தானே சொல்வார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

ஈரோட்டில் தெரிந்தவர் சொன்ன ஒரு மெக்கானிக் அண்ணன், எதையும் கழற்றும் முன் பெட்ரோல் லைனில் ஒரு டீ ஜாயிண்ட் போட்டு, பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்று காட்டும் பிரஷர் கேஜை மாட்டினார். இந்த மாதிரி எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) வண்டிகளில் முள் 3 பாரை ஒட்டி, மாடலைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே நிற்க வேண்டும். ஐடிலிங்கில் ஓரளவு நின்றது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தார். முள் 2-க்கும் கீழே சரிந்தது, வண்டி அதே மாதிரி திணறியது. பின் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை வெளியே எடுத்தார். டேங்கின் அடியில் பெட்ரோலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) கறுத்துப் பிசுபிசுவென்று அடைத்துக் கிடந்தது. அடைப்போடு மல்லுக்கட்டியே பம்ப் மோட்டாரும் தளர்ந்துவிட்டது. நான் சொன்ன ரீங்காரம் அந்த மோட்டாருடையதுதான்.

ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் கொஞ்சம், அடைத்த ஸ்ட்ரெய்னர் வழியாகவே அது வந்துவிடும். ஏற்றத்தில் பல மடங்கு வேண்டும், அது வராது. மோட்டாரைக் குளிரவைப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான், அதனால் டேங்க் குறையும்போது இன்னும் சீக்கிரம் சூடாகிறது. இந்த வயது வண்டிகளில் பெட்ரோல் பிரஷரைப் பார்க்கும் சென்சார் கிடையாது, ஆகவே விளக்கும் எரியாமல் போகலாம். கிராங்க் சென்சார் போனாலும் சூட்டில் வண்டி நிற்கும், ஆனால் அது பெரும்பாலும் சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். இழுவை படிப்படியாகக் குறைந்து, திணறி, பிறகு நின்றால் முதலில் பெட்ரோல் வரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அந்த அண்ணன். சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்தாலும் பிக்கப் இப்படிப் போகும், அதையும் பார்த்து ஒதுக்கினார். எத்தனால் பழைய டேங்கில் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடும் என்பது உண்மை. அப்படியே இ20-தான் காரணம் என்றாலும், முதலில் திறந்து பார்த்திருக்க வேண்டியது ஸ்ட்ரெய்னரை.

எங்கள் மன நிம்மதிக்காகக் கம்ப்ரஷனும் அளந்து காட்டினார். நான்கு சிலிண்டரும் 165 முதல் 175 பிஎஸ்ஐக்குள், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. "எஞ்சின் நல்லாத்தான் இருக்குது கண்ணு, இதைப் போய் யாரு விக்கச் சொன்னாங்க?" என்றார். மோட்டார், ஸ்ட்ரெய்னர், கூலி எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய். திம்பம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டோம், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

உங்கள் வண்டிக்கு இந்த அறிகுறி இருந்தால், பாகம் எதையும் மாற்ற ஒத்துக்கொள்ளும் முன் பிரஷர் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வண்டியை அங்கே விடாதீர்கள். வண்டி சூடாகி, திணறும் நிலையில் அளக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியலாம். பழைய பாகம் கையில் வர வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். கோளாறு சொன்ன கையோடு வண்டி வாங்கும் ஆளையும் காட்டினால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். கையில் சரியான பில் இல்லாததால், யுபிஐயில் பணம் அனுப்பிய விவரம், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் எஸ்டிமேட், ஈரோட்டில் எடுத்த கேஜ் படம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். புகார் போன பிறகு ஒர்க்‌ஷாப்பில் இருந்து அப்பாவுக்குப் போன் வந்தது, பாதிப் பணம் தருகிறோம் என்று. முழுசாகத் தந்தால்தான் புகாரை முடிப்போம் என்று அப்பா சொல்லிவிட்டார்.