செவ்வாய்க்கிழமை பரிசோதனையும் இறுகிய வளையலும்

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். செவ்வாய்தோறும் அங்கே நடக்கும் கர்ப்பிணிப் பரிசோதனைக்கு 7 மாதம் போய்வந்தேன். முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டரைக்கே போய் நின்றாலும் பதினொன்றுக்கு முன் வீடு திரும்ப முடியாது. பெஞ்சு நான்குதான், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பவர்கள் முப்பது பேர். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சிறுநீர் பிடிக்கப் போகும்போது வெளியே யாரையாவது காவல் நிறுத்த வேண்டும்.

ஆனாலும் அங்கேயே போங்கள் என்பேன், அந்த நர்சம்மாவுக்காக.

அக்காவை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். ஏசி அறை, மாதம் தவறாத ஸ்கேன். எது வந்தால் நடுராத்திரி என்றும் பாராமல் ஓடிவர வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் "பயப்படாதீர்கள்" என்பார்கள். நர்சம்மாவோ எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லித்தருகிறார். தாய் சேய் நல அட்டையில் ஆபத்து அறிகுறிகள் உள்ள பக்கத்தைத் திறந்து, உடன் வந்த என் மாமியாரின் கையில் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைதல். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் தீர்மானிப்பது யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது!

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்தேன், அதே ஊர்தான். இரண்டு நாளாகத் தலைவலி. திருஷ்டி என்று சொல்லி அப்பத்தா சுக்குப் பற்றுப் போட்டுவிட்டார். கால் வீக்கம் எல்லோருக்கும் வருவதுதானே என்று நானும் இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை போனபோது நர்சம்மாவின் கண் நேரே என் கைக்குப் போனது. போன வாரம் கலகலத்த கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் தடம் பதித்துக் கிடந்தன. ரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் புரதம். 140/90 வந்தாலே அசட்டையாக இருக்கக் கூடாதாம். கவனிக்காமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடுமாம். அவரே 108-ஐ அழைத்தார். சோப்பு நீர் விட்டு வளையல்களைக் கழற்றியதில் மூன்று உடைந்துபோயின. அபசகுனம் என்று அப்பத்தா அழுதார்.

பெரியாஸ்பத்திரியில் 11 நாள் இருந்தேன். பெண் பிறந்தாள், 2 கிலோ 300 கிராம்.

தடுப்பூசிக்காகப் போன வாரம் அங்கே போனேன். தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. மாமியாரோடு போங்கள், அட்டை படிக்கவும் ஆகும், கதவைப் பிடிக்கவும் ஆகும்.