நடந்து குறைப்பதா, தூக்கிக் குறைப்பதா?

இரண்டு தடவை எடையைக் குறைத்தவன் நான். முதல் தடவை 2022இல், நடந்தும் வயிற்றைக் காயப்போட்டும். இரண்டாவது தடவை 2023 ஜூனில் ஆரம்பித்து, இரும்பு தூக்கியும் (எடைப்பயிற்சியைத்தான் இரும்பு என்கிறேன்) மீன் தின்றும். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள் எது நல்லது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் இரும்பின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நடையில் எனக்குக் கிடைத்ததையும் மறைக்கப்போவதில்லை.

நடையின் நன்மைகளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காசு செலவில்லை, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், தூக்கம் நன்றாக வரும். இரும்புக்குச் செலவு உண்டு, முறையைக் கற்க வேண்டும், முதல் இரண்டு வாரம் உடம்பு முழுக்க வலிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

இனி என் கணக்கு. 2022 ஜனவரியில் 88 கிலோ இருந்தேன். தினமும் விடியற்காலையில் கடற்கரைப் பக்கம் ஆறு கிலோமீட்டர் நடை. காலையில் வெறும் டீ, மதியம் ஒரு கரண்டிச் சோறும் காயும், ராத்திரி இரண்டு இட்லி. நாலு மாதத்தில் 76 கிலோவுக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டு கிலோ! தராசைப் பார்த்தால் வெற்றிதான். ஆனால் இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ.யிலிருந்து 98க்குத்தான் இறங்கியிருந்தது. சட்டை தோளில் தொங்கியது, வயிறு மட்டும் அப்படியே முன்னால் நின்றது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மச்சான் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மச்சான், கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு? சுகர் டெஸ்ட் எடுத்துப் பாத்தியா?" என்றார். அதே வாரம் கடையிலிருந்து 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். வழக்கமாக ஒரே மூச்சில் அடுப்படிக்குப் போய்விடும் சிப்பம் அது. அன்றைக்குத் திண்ணையில் ஒருமுறை இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிப் போனேன். குறைந்த பன்னிரண்டு கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று அப்போதுதான் யோசித்தேன்.

உடம்பு பட்டினியில் கொழுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாது. தசையையும் சேர்த்தே கரைக்கும். வேகமாகக் குறைத்தால், புரதம் குறைவாகச் சாப்பிட்டால், தசைக்கு வேலையே கொடுக்காமல் விட்டால் கரைகிற தசை இன்னும் கூடும். நான் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்திருக்கிறேன். நடை காலுக்கு வேலைதான், ஆனால் பழகிய உடம்புக்கு அது கனமான வேலை இல்லை. முதுகு, தோள், மார்புத் தசைகளை "இது தேவைப்படுகிறது, வைத்துக்கொள்" என்று உடம்புக்கு உணர்த்துவது கனம் மட்டும்தான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியது. கடற்கரைப் பாதையில் தண்ணீர் கட்டியது, வாடைக்காற்று விடிகாலையில் முகத்தில் அறைந்தது. ஒரு வாரம் நடை நின்றது, பிறகு மூன்று வாரம் நின்றது. பசி மட்டும் நிற்கவில்லை. 2023 பொங்கலுக்கு 87 கிலோ. இடுப்பு 107. முன்பைவிட ஒரு கிலோ குறைவாக இருந்தும் இடுப்பு மூன்று செ.மீ. கூடுதல். போனது கொழுப்பும் தசையும், திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்பு.

என்னைப் பொறுத்தவரை முடிவெடுக்க வேண்டியது இந்த ஒரு இடத்தில்தான். எடையை இறக்க எத்தனையோ வழி இருக்கிறது. இறக்கியதைக் காப்பாற்ற வருஷத்தின் பன்னிரண்டு மாதமும் எதைச் செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும். நம் கரையில் நடைக்கு ஒத்துவரும் மாதங்களை எண்ணிப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. ஆடியில் கச்சான் காற்று மணலை அள்ளிக் கண்ணில் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. கலோரிக் கணக்கில் நடையின் பலன் நடந்த அன்றைக்கு மட்டும்தான். எண்பது கிலோ ஆள் ஆறு கிலோமீட்டர் நடந்தால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏறக்குறைய 250 கலோரி கூடுதலாகச் செலவாகும். நடக்காத நாளில் அது இல்லை.

இரும்பு அப்படியில்லை. ஏற்றிய பலத்தைக் காப்பாற்றுவதற்கு, ஏற்றுவதற்குப் பட்ட பாட்டில் சிறுபங்கு போதும். வேலை மும்முரமான மாதங்களில் வாரம் ஒருநாள், கனத்தைக் குறைக்காமல், செட்டுகளை (இடையில் நிறுத்தாமல் தூக்கும் சுற்றுகளை) மட்டும் குறைத்துத் தூக்கியிருக்கிறேன். மூன்றாவது மாதமும் அதே கனம் வந்தது. வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்பது நிமிடம்; மழை பெய்தால் பெய்யட்டும்.

தசை ஏறினால் சும்மா உட்கார்ந்திருந்தாலே கொழுப்பு எரியும் என்று சொல்கிறார்களே, அதைப் பெரிதாக நம்பாதீர்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளுக்குப் பதின்மூன்று கலோரி போலத்தான் எரிக்கும். ஒரு டீயில் போடும் சர்க்கரைகூட இல்லை அது. இரும்பின் ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. இறங்குகிற எடை கொழுப்பாக இறங்குகிறது, பலம் போகாததால் உடம்பு சோர்ந்து படுப்பதில்லை, சோராத உடம்பு நாள் முழுக்கத் தானாகவே கூடுதலாக அசைகிறது.

இரண்டாவது தடவை 87இலிருந்து 78க்கு வர ஒன்பது மாதம் ஆனது. முதல் தடவையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இடுப்பு 107இலிருந்து 94. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் 78, 79லேயே நிற்கிறேன். இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. நான் இன்னும் அதைத் தொடவில்லை.

செய்ததைச் சொல்கிறேன். வாரம் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் ஸ்குவாட் (பாரை, அதாவது எடை மாட்டும் நீள இரும்புக் கம்பியை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) அல்லது டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) ஒன்று, நெஞ்சுக்கோ தோளுக்கோ தள்ளுகிற பயிற்சி ஒன்று, முதுகுக்கு இழுக்கிற பயிற்சி ஒன்று. மூன்று செட், செட்டுக்கு எட்டிலிருந்து பத்து தடவை. இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்கிற நிலையில் நிறுத்திவிடுவேன். மூன்று செட்டிலும் பத்தைத் தொட்டுவிட்டால் அடுத்த முறை இரண்டரைக் கிலோ கூட்டுவேன். இவ்வளவுதான். நோட்டில் எழுதிவைக்க வேண்டும், அது கட்டாயம். போன வாரம் தூக்கியது நினைவில் இருப்பதாகத்தான் தோன்றும், இருக்காது. டெட்லிஃப்ட்டை மட்டும் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதுகு வளைந்து தூக்கிப் பழகிவிட்டால் திருத்துவது கஷ்டம்.

சாப்பாட்டில் நாளுக்கு 300 கலோரி மட்டும் குறைத்தேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. அந்தக் கணக்கில் மாதம் ஒரு கிலோ சொச்சம். மெதுவாகத் தோன்றும், ஆனால் பசி ஆளைத் தின்னாது. எங்கே குறைத்தேன் என்றால், முதலில் டீயில். நாளுக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 190 கலோரி. அடுத்து மீன் பொரிக்கிற எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, பொரிக்கிற மீன் எத்தனை கரண்டி குடிக்கிறது என்று அடுப்படியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பொரிப்பதை வாரம் ஒருநாளாக்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் குழம்பு, இல்லாவிட்டால் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுடுவது. குழம்புக்குத் தேங்காய் அரைப்பதையும் பாதியாக்கினோம். நூறு கிராம் துருவல் 350 கலோரி. சோற்றை விடவில்லை. சமைத்த சோறு நூறு கிராம் 130 கலோரிதான், அளந்து போட்டுக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை.

புரதத்தில்தான் நம் கரைக்காரர்களுக்கு யோகம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் சாப்பிடச் சொல்கிறார்கள், நான் 1.3, 1.4இல் நிற்கிறேன், அதாவது நாளுக்கு 105 கிராம் போல. காலையில் மூன்று முட்டை என்றால் பதினெட்டு கிராம். மதியம் முள் நீக்கி இருநூறு கிராம் மீன் என்றால் முப்பத்தாறு, முப்பத்தெட்டு. சாயங்காலம் சுண்டல், ராத்திரி மறுபடி மீன், கூடவே தயிர். மீதியைச் சோறும் இட்லியும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். இதற்கு விலை கூடிய சீலா மீன் வாங்க வேண்டியதில்லை. சாளை, சூடை, நெத்திலி, காரல் எல்லாவற்றிலும் புரதம் அதே அளவுதான். விலை மலிவான சாளையில் நல்ல கொழுப்பு வேறு இருக்கிறது. ஒரு கிலோ சாளை வாங்கினால் தலை, குடல், முள் போக அரைக்கிலோ சொச்சம் சதை மிஞ்சும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். புரதப் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் பாம்பன் பக்கம் போய் ஒரு நாள் மீன் வாங்கிப் பார்க்கட்டும்.

சிக்கல் மீன்பிடித் தடைக்காலத்தில் வரும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறிவிடும். முதல் வருஷம் அந்த இரண்டு மாதத்தில் என் புரதம் பாதியாகப் போனது, ஸ்குவாட் கனமும் நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது முட்டையை ஐந்தாக்கிவிட்டேன், பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் கூட்டிக்கொண்டேன். நெத்திலிக் கருவாட்டில் புரதம் அதிகம்தான், ஆனால் உப்பு. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதை நம்பி இறங்க வேண்டாம்.

இரும்புக்கு எதிராக நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்றால் அது துரு. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் முந்நூறு மீட்டர்கூட இல்லை. வாங்கிய நாலாவது மாதம் பாரைப் பிடித்தால் உள்ளங்கையில் செங்கல்பொடி மாதிரி ஒட்டியது. பிடிமானத்துக்காகச் சொரசொரப்பாகக் கீறியிருக்கும் இடத்தில்தான் உப்பு போய் உட்காரும். இப்போது ஒவ்வொரு முறை முடிந்ததும் வியர்வையைத் துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மிஷின் எண்ணெய் ஒரு கை பூசிச் சாக்கில் சுற்றி வைக்கிறேன். ஐந்து நிமிட வேலை. எடைத் தட்டுகளுக்கு, உள்ளே சிமெண்ட் அடைத்த பிளாஸ்டிக் தட்டுகள் போதும். அவை துருப்பிடிக்காது, இரும்பைவிட மலிவு, தடிமன்தான் கொஞ்சம் அதிகம். பழைய இரும்புத் தட்டு மலிவாகக் கிடைத்தால் மேலே துரு இருந்தாலும் வாங்கலாம், எடை எங்கேயும் போய்விடாது. பாரை மட்டும் பார்த்து வாங்குங்கள். வளைந்த பார் வேண்டாம். ராமநாதபுரம் டவுனில் ஜிம் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பஸ் ஏறிப் போக வேண்டிய தூரம் என்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பயிற்சி முடிந்துவிடும்.

நடையை நான் விட்டுவிடவில்லை. சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம், மற்றபடி முடிந்த அன்றைக்கு. எழுபதைத் தாண்டியவர்கள், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், நடையே பழக்கமில்லாதவர்கள் முதலில் நடையில்தான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டவும் கேட்க வேண்டும்.

நோன்பு மாதத்துக்கு எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. கீழக்கரை நண்பர் ஒருவர் செய்வதைச் சொல்கிறேன். அந்த முப்பது நாளும் எடையைக் குறைக்கப் பார்ப்பதில்லை. வாரம் இரண்டு நாள், இரவுத் தொழுகைக்குப் பிறகு, அதே கனம், பாதி செட். நோன்பு திறக்கையில் கஞ்சியோடு முட்டை, விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு முந்தைய நாள் ஆணத்து (குழம்பு) மீன். பெருநாளில் தொதல் என்கிற இனிப்பையும் விடுவதில்லை. பெருநாள் முடிந்து அடுத்த வாரமே பழைய கணக்குக்கு வந்துவிடுகிறார்.

பெண்களைப் பற்றியும் எனக்குத் தெரிந்தது எங்கள் மதினி ஒருவரின் அனுபவம் மட்டும்தான். வயது 47, முழங்கால் வலி. பார் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினார், பிறகு ஐந்து கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே செய்தார், இப்போது பத்து கிலோ. போன வாரம் தெருக்குழாயிலிருந்து இரண்டு குடத்தை ஒரே நடையில் கொண்டுவந்து வைத்தார், கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டு மாதத்தில் அவர் எடை இறங்கியது இரண்டரைக் கிலோதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.