ஜெர்மனி பிஆர்: 21 மாதத்திலேயே வாங்குவதா, ஐந்து வருடம் பொறுப்பதா?

2023-24ல் ஜெர்மனி குடியேற்ற விதிகளைத் தளர்த்தியதிலிருந்து ப்ளூ கார்டுக்காரர்கள் (அதிகச் சம்பளமுள்ள, பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான விசா வைத்திருப்பவர்கள்) நடுவே, பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, எப்போது கிடைக்கும் என்ற மாதக் கணக்குதான். பி1 அளவு (நடுத்தர நிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதம், ஏ1 (தொடக்க நிலை) மட்டும் என்றால் 27 மாதம் (முன்பு 33). திறன் பணியாளர் விசாவில் இருப்பவர்களுக்கும் நான்கு வருடம் மூன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் பி1 வேண்டும். இது ஜெர்மனியின் தேசிய பிஆர். இன்னொன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்பு அனுமதி. ஐந்து வருடம், 60 மாத ஓய்வூதியச் சந்தா, பி1.

முதலாளி தயவில்லாமல் வேலை மாற்றலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம். இதிலெல்லாம் இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் சீக்கிரம் கிடைப்பதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். ஊரில் வயதான அப்பா அம்மா இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

தேசிய பிஆரோடு ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் அது காலாவதி. வேடிக்கை என்னவென்றால், தற்காலிகமான ப்ளூ கார்டுக்கே 12 மாதம் வரை அவகாசம் உண்டு, அதாவது "நிரந்தரம்" வாங்கியதும் கயிறு இன்னும் குட்டையாகிறது! கிளம்பும் முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் காரணம் சொல்லிக் கூடுதல் அவகாசம் எழுதி வாங்கலாம்தான், ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ராத்திரி போன் வந்தால் யார் அதற்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? ஐரோப்பிய அனுமதியில் ஒன்றியத்துக்கு வெளியே 12 மாதம், முன்பு ப்ளூ கார்டில் இருந்தவர்களுக்கும் குடும்பத்துக்கும் 24 மாதம். நாளை நெதர்லாந்தில் நல்ல வேலை வந்தாலும் இதை வைத்து அங்கே அனுமதி கேட்பது சுலபம். தேசிய பிஆருக்கு அந்த மதிப்பு கிடையாது.

குடியுரிமை? 2024 ஜூனிலிருந்து ஐந்து வருடம் போதும், பழைய பாஸ்போர்ட்டையும் ஜெர்மனி கேட்பதில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை விடாது, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான வாழ்நாள் விசா அட்டை) மட்டும்தான். மூன்று வருடக் குறுக்குவழியை 2025 அக்டோபரில் மூடியும் விட்டார்கள்.

என்னைக் கேட்டால் இதில் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டியதே இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். 21 மாதத்தில் தேசிய பிஆரை வாங்குங்கள், ஆட்குறைப்புப் பயம் போகும். அதோடு, ப்ளூ கார்டு வழியில் நீங்கள் பிஆர் வாங்கியிருந்தால், வாரம் 20 மணி நேரமாவது வேலை பார்க்கும் மனைவிக்கோ கணவருக்கோ பி1 இருந்தால் மூன்று வருடத்திலேயே பிஆர் கிடைக்கும். 60 மாதம் ஆனதும் ஐரோப்பிய அனுமதிக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். கேட்டால்தான் தருவார்கள், தானாக வராது.