மார்ட்டின் பெக்கா, மெக்ரேயா?

போலீஸ் துப்பறியும் நாவல் தொடர்களில், ஸ்டாக்ஹோம் போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக்கின் கதைகளா, பாரிஸ் போலீஸ் அதிகாரி மெக்ரேயின் கதைகளா, எதைத் தொடங்கலாம் என்று காட்பாடி ரயில் நண்பர்கள் கேட்டார்கள்.

அளவு: ஸ்டாக்ஹோம் பெக், 1965 முதல் 1975 வரை 10 நாவல்கள். பாரிஸ் மெக்ரே, 1931-இல் தொடங்கி மொத்தம் 75 நாவல்கள்.

வரிசை: பெக்கை முதலிலிருந்தே படியுங்கள். அவர் மணவாழ்க்கை புத்தகத்துக்குப் புத்தகம் விரிசல் விடுகிறது. நடுவில் நுழைந்தால் அந்த வலி தெரியாது. மெக்ரேயை எங்கேயும் தொடங்கலாம்.

விசாரணை: பெக்கின் முதல் வழக்கில், கால்வாயில் தூர்வாரும்போது கிடைத்த பெண் சடலம் யாருடையது என்று தெரியவே மாதங்கள் ஆகின்றன. ரொம்ப மெதுவு என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். எனக்கு அந்தக் காத்திருப்புதான் உயிர். மெக்ரே பைப் புகைத்தபடியே கொலையாளியின் மனசுக்குள் போய்விடுவார்.

சரி, சென்னைக்கு ரயிலில் போய்வரும் நாளுக்கு மெக்ரே. வேலூர் வெயிலுக்குப் பயந்து வீட்டில் அடைந்து கிடக்கும் மே மாதத்துக்கு பெக்.