ஆன்லைனில் அம்பு வாங்குகிறவர்கள் படியுங்கள்: 16,800 ரூபாய் போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மகளுக்காக வாங்கிய 12 கார்பன் அம்புகள், 16,800 ரூபாய், தொட முடியாமல் கிடக்கின்றன. விற்றது வில்வித்தைச் சாமான்கள் மட்டுமே விற்கும் ஓர் ஆன்லைன் கடை.

ஏன் நம்பினேன் என்றால், போனில் பேசியவர் அவ்வளவு விவரமாகக் கேட்டார். நாணை இழுக்கும்போது விரலுக்கு எத்தனை பவுண்டு இழுவை வருகிறது, ஷாஃப்டை, அதாவது அம்பின் தண்டை, எந்த நீளத்தில் வெட்ட வேண்டும், பாயின்ட், அதாவது முனை, எத்தனை கிரெய்ன் எடை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். கோச் சொன்னதைக் கொடுத்தோம்: 700 ஸ்பைன் (ஷாஃப்டின் விறைப்பைக் குறிக்கும் எண்), 28.5 அங்குலம், 80 கிரெய்ன். திருப்பிப் படித்தும் காட்டினார். "பாப்பாவுக்கு நானே என் கையால ஒட்டித் தர்றேன் சார், கவலையே வேண்டாம்" என்றார். அன்றைக்கே முழுப் பணமும் அனுப்பிவிட்டேன்.

வந்தது 120 கிரெய்ன் பாயின்ட்.

வித்தியாசம் இரண்டரை கிராம் சொச்சம்தான். ஆனால் அது முனையில் உட்கார்ந்திருக்கிறது. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது கனத்த முனை சட்டென்று நகராது, நடுவில் ஷாஃப்ட் கூடுதலாக வளையும். கோச் ஓர் அம்பின் இறகைப் பிய்த்துவிட்டு எய்யச் சொன்னார். மற்ற அம்புகள் விழுந்த இடத்தைவிட்டு வலப்பக்கம் தள்ளிப் போய்க் குத்தியது. வலக்கையால் நாண் இழுக்கிறவளுக்கு அப்படிப் போனால் அம்பில் விறைப்பு போதவில்லை என்று அர்த்தம்.

கடைக்குப் போன் போட்டால், "ஷாஃப்ட்ல 700னுதானே இருக்கு?" என்கிறார். அந்த 700, ஷாஃப்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.7 அங்குலம் தொய்கிறது என்பதற்கான எண். பாயின்ட் மாட்டி எய்யும்போது எவ்வளவு வளையும் என்பதை அது சொல்லாது. அம்பு கட்டி விற்கிறவருக்கு இது தெரியாதா? அப்புறம், "80 ஸ்டாக் இல்ல, கனமா இருந்தா காத்துல நல்லா நிக்கும்" என்றார். நிற்கும்தான், ஆனால் அதற்கேற்ற விறைப்பான ஷாஃப்டை அல்லவா தந்திருக்க வேண்டும்? கடைசியில், "வில்லோட பவுண்டைக் குறைச்சுக்கச் சொல்லுங்க" என்றார். பிள்ளை கஷ்டப்பட்டு ஏற்றிய பவுண்டு அது! வெட்டிய அம்புக்கு ரிட்டர்ன் கிடையாதாம். இப்போது போனே எடுப்பதில்லை.

பாயின்டை மாற்றவும் வழியில்லை. ஹாட் மெல்ட் என்கிற, சூட்டில் இளகும் பசையில் ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டில் கழன்று வந்திருக்கும். அவர் எபாக்ஸி போட்டிருக்கிறார். அதை இளக்கும் அளவுக்குச் சூடு காட்டினால் கார்பன் கெட்டுவிடும். 16,800 ரூபாய்!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பாயின்ட் கிரெய்ன், நீளம், ஒட்டும் பசை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஒன்றை மாற்றினாலும் கேட்டுவிட்டு மாற்றச் சொல்லுங்கள். 12 அம்பையும் ஒரேயடியாக ஒட்டவிடாதீர்கள், முதலில் ஒன்றிரண்டை எய்து பாருங்கள். முழுப் பணத்தை முன்னாடியே அனுப்பாதீர்கள்.