20 மி.மீ. போர்சலின் டைல்ஸ்: வெளித்தரைக்குத் தாங்குமா?

தாங்கும். நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்குள்தான் என்பதால் கறை உள்ளே இறங்காது. பெட்டியில் ஆர்11 (R11, வழுக்காமைக்கான தரக்குறியீடு; எண் கூடினால் பிடிப்பு கூடும்) என்று இருக்கிறதா பாருங்கள். ஆர்9 ஈரத்தில் சறுக்கும். ஆர்11-இன் சொரசொரப்பில் அழுக்கு தங்கும், பிரஷ் போட்டுத்தான் தேய்க்கணும். குறை அது ஒன்றுதான்.

மற்ற புகார்கள் பெரும்பாலும் பதிப்பில் வருபவை. உறிஞ்சாத முதுகு என்பதால் வெறும் சிமென்ட் பால் பிடிக்காது. பாலிமர் கலந்த பசையைத் தரையிலும் டைலின் முதுகிலும் முழுக்கப் பூசணும். பசையை ஐந்து உருண்டையாக மட்டும் வைத்து அமுக்கினால் அடியில் தண்ணீர் தேங்கும். தட்டினால் ‘டொக் டொக்’ என்று காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர் வடிய மீட்டருக்கு 1.5 செ.மீ. வாட்டம் (சரிவு), டைல்களுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி வேண்டும். சுமார் 3 மீட்டருக்கு ஒருமுறை விரிவு இணைப்பு (டைல்கள் விரிய இடம் தரும் இடைவெளி) விடாவிட்டால், வெயிலில் விரிந்து கூடாரம்போல் தூக்கிக்கொள்ளும்.