பாப்-அப்பா, பித்தளை ஸ்பிரிங்ளரா? எங்க உப்புத்தண்ணிக்கு எது தாங்குச்சு

எங்க சாளை, அதாவது தோட்டத்து வீடு, பல்லடத்துக்குத் தெக்கால இருக்குதுங்க. வீட்டைச் சுத்தி எட்டு சென்ட்டுக்கு கொரியன் புல்லு. தண்ணி போர் தண்ணி, பக்கெட்டுல புடிச்சு வெச்சா மூணே நாள்ல ஓரமெல்லாம் வெள்ளையா படிஞ்சுரும். புல்லு போட்டுக் குடுத்தவங்களே தண்ணி விட்டா மண்ணுக்குள்ள இருந்து எந்திரிச்சுத் தெளிக்கற பாப்-அப் 24 தலை பொதச்சுக் குடுத்தாங்க, மூணு வருசம் அதைக் கழட்டிக் கழட்டி மாட்டியே ஓஞ்சு போயி, போன வருசம் முன்னாடி பாதில இருந்த 12 தலையயும் எடுத்துட்டு டக்கு டக்குன்னு அடிச்சுட்டு சுத்துமே, அந்த பித்தளை ஸ்பிரிங்ளர் மூணு மாட்டுனேன். பின்னாடி பாதி இன்னும் பாப்-அப் தான். ஒரே மோட்டார், ஒரே தண்ணி.

பாக்கறதுக்கு பாப்-அப் தான் லட்சணம், அதுல பேச்சே இல்ல. தண்ணி விட்டா எந்திரிக்கும், நிறுத்துனா மண்ணுக்குள்ள போயிரும், குழந்தைங்க ஓடி வெளையாடலாம், புல்லு வெட்டற மிஷினும் தட்டாது. பித்தளை ஒரு முழம் பைப்பு மேல துருத்திட்டு நிக்கும். சத்தமும் உண்டு.

ஆனா வருசம் பூரா அதைப் பாத்துக்கறது நாமதானுங்களே. எனக்கு முடிவு பண்ணுனது இந்த உப்புதான். உப்புன்னு சொல்றோமே ஒழிய அடைக்கறது முக்காவாசி சுண்ணாம்பு. மோட்டார நிறுத்துனதும் வாயில நிக்கற கொஞ்சூண்டு தண்ணி வெயில்ல காஞ்சு சுண்ணாம்ப விட்டுட்டுப் போகும், தெனமும் ஒரு படலம். பித்தளைல ஓட்டை 4 மில்லிமீட்டர், வட்ட ஓட்டை, அதுல படிஞ்சு அடைக்க நெம்ப நாளாகும். பாப்-அப்ல தண்ணி வர்றது மெல்லிசான கீறல் வழியா, ஒரு ஓரத்துல படிஞ்சாலே விசிறி மாதிரி விரியற தண்ணி ஒடஞ்சு போயி அந்தப் பக்கம் புல்லு மட்டும் பழுத்துரும். அதுக்கு மூடியத் திருகி, உள்தண்ட மேல இழுத்துப் புடிச்சு, தண்ணி வர்ற வாயான நாஸில எடுத்து, அடில இருக்கற குட்டி வடிகட்டியயும் எடுத்து, எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணில ராத்திரி பூரா போட்டு வெச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்க்கணும். ஊசி, கம்பி போட்டுக் குத்தாதீங்க, கீறல் அகலமாச்சுன்னா விசிறி மறுபடி நேராகாது. கழட்டறப்ப ஒரு சிட்டிகை மண்ணு உள்ள விழுந்தாலும் ரப்பர் சீல்ல மாட்டிக்கும், அப்பறம் தண்டு கீழ எறங்காம நிக்கும், மிஷின்காரர் வந்து அதோட தலையச் சீவிட்டுப் போவாரு. இப்படியே ஏழு தலை போச்சு எங்களுக்கு. சீல் மட்டும் கேட்டா கடைல இல்லீங்க, முழு தலைதான் வாங்கோணும். மோட்டார்ட்ட ஒரு ஃபில்டர் வெச்சிருந்தா பாதி தொல்லை வந்திருக்காது, பொதச்சவங்க அதை வெக்கவே இல்ல, எனக்கும் அப்பத் தெரியல. இப்ப 120 மெஷ் (ஒரு இஞ்சுக்கு 120 கண்ணு) ஃபில்டர் போட்டு வாரம் ஒருக்கா கழுவறேன். மண்ணு நிக்குது, சுண்ணாம்பு கரைஞ்சு வர்றதுனால அது நிக்காது.

பித்தளைல வேலை கம்மி. சுத்தாம நின்னுச்சுன்னா கழுத்துல இருக்கற வாஷர், டக்கு டக்குன்னு அடிக்கற கை மேல இருக்கற ஸ்பிரிங், இந்த ரெண்டுதான் பாக்கோணும். வெங்காயத்துக்கும் கல்லக்காய்க்கும் இதே தான ஓடுது, அதனால சாமானம் எங்கூருப் பக்கம் சாதாரண மோட்டார் கடைலயே கெடைக்குது. எண்ணெய் மட்டும் விடாதீங்க, மண்ணு ஒட்டி இன்னும் இறுகிரும், தண்ணியே அதுக்கு எண்ணெய். மணல் வர்ற போரா இருந்தா ஓட்டை தேஞ்சு பெருசாகும், 4 மில்லி டிரில் பிட்டோட தண்டு உள்ள விட்டுப் பாத்தா லொடலொடன்னு ஆடுச்சுன்னா மாத்திரலாம். 1933ல கலிபோர்னியால ஆர்ட்டன் எங்கல்ஹார்ட்டுங்கறவரு இதைக் கண்டுபுடிச்சதே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புக்காகத்தான், தோட்டத்துத் தண்ணிக்குத் தாங்கறதுல ஆச்சரியமில்ல.

இன்னொண்ணு, சித்திரைல போர் தண்ணி கொறையறப்ப 12 பாப்-அப்பும் ஒண்ணா எந்திரிக்காது, பாதி எந்திரிச்சு தலையச் சுத்தியே கொப்புளிக்கும். பித்தளை மூணுக்கும் சேத்து நிமிசத்துக்கு 50 லிட்டர் இருந்தாப் போதும். மெதுவாத்தான் நனையும், பாப்-அப்ல பத்து நிமிசத்துல விடற தண்ணிக்கு இதுல இருவது இருவத்தஞ்சு நிமிசம் ஆகும், ஆனா மண்ணு குடிக்க நேரம் கெடைக்குது, வழிஞ்சு ரோட்டுக்குப் போறதில்ல.

காத்து தான் இதுக்கு எதிரி. ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்துக்கு ஒசரமா வீசற தண்ணி பக்கத்துக் காட்டுக்குப் போயிரும். நான் விடியறதுக்கு முன்னாடியே ஓட்டிர்றேன். செவுத்துல, ஜன்னல்ல பட்டா வெள்ளைத் திட்டு விழும், அதனால டவுனுக்குள்ள ரெண்டு சென்ட் புல்லு, தண்ணியும் உப்பில்லாத சப்பைத் தண்ணின்னா பாப்-அப்பே போடுங்க. கியர் வெச்சு சுத்தற ரோட்டர் வகைய நான் மாட்டிப் பாக்கல, அதைப் பத்திச் சொல்ல மாட்டேன். பித்தளையும் என்கிட்ட ஒரு வருசம்தான் ஆச்சு, ஒரு வாஷர் மட்டும் மாத்திருக்கறேன்.

பின்னாடி பாதிய மாத்தப் போறதில்லைங்க, பசங்க அங்கதான் பந்து வெளையாடறாங்க. அங்க இருக்கற 12 தலையயும் மாசத்துக்கு நாலு நாலா கழட்டி ஊற வெக்கறேன்.